மேல் ஐந்து சென்டிமீட்டர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் டாக்டர் சந்திரமௌலி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டர் ரகுநாதனின் துணைவியார் அம்பிகா அக்கா அவர்களே, எண்ணெய்த் தட்டுப்பாட்டால் கார் ஓட்டத் தடையுள்ள இந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ரயில் பிடித்தும் நடந்தும் கொலோன் வந்து சேர்ந்திருக்கும் தமிழ் நெஞ்சங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் கிரிஜா. மறைந்த டாக்டர் ரகுநாதன் அவர்களின் ஆய்வகத்தில் நாலு வருடமாக மண் சலிக்கும் உதவியாளர். பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதி வந்ததைப் பார்த்துத்தான் படிக்கப்போகிறேன். பார்க்காமல் பேசினால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டர் ரகுநாதன் பெரிய விஞ்ஞானி என்றார்கள். உண்மைதான். அவர் காதில் விழும்படி அதை எத்தனை பேர் சொன்னோம்? அவருடைய சோதனை நிலத்துக்கு நம் நிறுவனத்தில் என்ன பெயர் வைத்திருந்தோம்? சோம்பேறி வயல். மதியச் சாப்பாட்டு மேஜையில் யாராவது, "என்ன ரகுநாதன், உங்க வயலுக்கு இன்னும் முடிவெட்டலையா?" என்பார்கள். அவர், "தலையில இருக்கிற வரைக்கும்தான் சார் அது முடி" என்று தன் வழுக்கையைத் தடவிக் காட்டுவார். சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வயல் துருக்கியின் நடுவே, அனடோலியாவின் வறண்ட புல்வெளியில் இருந்தது. முந்நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருடம். அங்கே கோதுமை நிலத்தை ஆழ உழுது புரட்டினால் இருக்கிற ஈரமும் போகும், மண்ணும் காற்றோடு போகும். டாக்டர் ரகுநாதன் ஒரே நிலத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் வழக்கமான உழவு. மறு பாதியில் உழவே கிடையாது. அறுத்த பயிரின் தாளை அப்படியே விட்டு, விதை விழும் கோட்டை மட்டும் கீறி விதைப்பார்கள். எந்தப் பாதியில் மண் வளம் கூடுகிறது? இதுதான் அவர் கேள்வி. பதிலுக்காக ஏழு வருடம் காத்திருந்தார்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த மண்ணை அவரே கொண்டுவருவார். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் துருக்கித் தொழிலாளர்களோடு, இரண்டு நாள் ரயிலில், மடியில் மண் பையோடு வருவார். ம்யூனிக் ஸ்டேஷனில் சுங்க அதிகாரி ஒருமுறை, "மண்ணா? ஜெர்மனியில் மண் இல்லையா?" என்றாராம். "இருக்கிறது ஐயா, இந்த மண்ணை மட்டும் இன்னும் யாரும் கலைக்கவில்லை" என்றாராம் இவர்.

அந்த மண்ணைக் கலைத்தது யார்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு இடத்திலும் அவர் மூன்று பை எடுப்பார். மேல் ஐந்து சென்டிமீட்டர் ஒரு பை, அதற்குக் கீழே ஒன்று, இன்னும் கீழே ஒன்று. உழாத நிலத்தில் தாள் மக்கிச் சேரும் வளமெல்லாம் அந்த மேல் ஐந்து சென்டிமீட்டரில்தான் நிற்கும். உழுத நிலத்துக்கு இந்தப் பிரிவு தேவையில்லை, அதைக் கலப்பையே கலந்துவிடுகிறது. நம் ஆய்வகப் படிவமோ உழுத நிலத்துக்காக அச்சடித்தது. ஓர் இடத்துக்கு ஒரே வரி.

போன வருடம் அக்டோபரில் ஏழாவது வருட மண் வந்தது. அதுதான் முடிவு சொல்ல வேண்டிய மண். வந்த அன்றே ஒவ்வொரு பையிலும் பாதியைத் தனித்தனிக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து நிலவறையில் வைத்தார். அது அவர் வழக்கம். மறு வாரம் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி. பைகளில் இருந்த மீதி மண்ணை எப்போதும் அவரே சலிப்பார், அந்த முறை பைகள் என் மேஜைக்கு வந்தன. என் மகள் இருந்த குழந்தைகள் காப்பகம் நாலரைக்கு மூடிவிடும். மணி நாலு. தாழ்வாரத்தில் நம் நிறுவனத்துக்கும் தலைவரான டாக்டர் சந்திரமௌலி வந்தார்.

"சார், ஒரு இடத்துக்கு மூணு பை இருக்கு, படிவத்துல ஒரே வரிதான் இருக்கு" என்றேன்.

"எல்லாம் ஒரே நிலம்தானேம்மா. கலந்துடுங்க. குழந்தை காத்துக்கிட்டிருக்குமே" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதை மறுக்க மாட்டேன். என் கையால்தான் கலந்தேன். அதையும் மறுக்க மாட்டேன்.

முடிவு வந்தது. உழுத நிலத்துக்கும் உழாத நிலத்துக்கும் வித்தியாசம் இல்லை. அறிக்கையில் தலைவர் கையெழுத்திட்டார். வசந்தத்தில் திட்டத்தை மூடினார்கள், அந்தப் பாதியையும் உழுதுவிட்டார்கள். ஒரே நாள் வேலை. டீசலுக்கு நாடே வரிசையில் நிற்கும் இந்த வருடத்தில், டீசல் இல்லாமல் விளையும் நிலத்தை டீசல் ஊற்றி அழித்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் அறிக்கையைப் பார்த்ததுமே நேராக என் மேஜைக்கு வந்தார். "கிரிஜா, மேல் மண் எங்கே?" என்றார். சொன்னேன். "உன் காண்ட்ராக்ட் எப்போ முடியுது?" என்று கேட்டார். "ஜூன்ல சார்" என்றேன். "சரி, நீ வாயைத் திறக்காதே" என்றார்.

குடுவைகளில் உள்ள பாதியை மறுபடி சோதிக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் 'படிவத்தின் குறைபாடு' என்றுதான் எழுதினார். என் பெயர் இல்லை. சாட்சி இல்லாத கடிதத்தை யார் நம்புவார்கள்? தோற்றவர் சொல்லும் சாக்கு என்றார்கள். அறிக்கை வெளியான பிறகு மறு சோதனை செய்தால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்று பதில் வந்தது. ஜூனில் என் காண்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள். போன மாதம், நவம்பரில் அவர் போய்விட்டார். அந்த அறிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நம்பி எங்கோ ஒருவர் தன் வறண்ட நிலத்தை இப்போதும் உழுதுகொண்டிருப்பார்.

என் காண்ட்ராக்ட் மறுபடியும் ஜனவரியில் முடிகிறது. என் கணவர் பாலச்சந்திரன் இன்னும் மாணவர். மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பது என் வேலையால்தான். இது தெரிந்தேதான் பேசுகிறேன். அவர் வாயைத் திறக்காதே என்று சொன்னது என் குழந்தைக்காக. அந்தச் சலுகையை இத்தனை நாள் அனுபவித்தது போதும்.

நிலவறையில் குடுவைகள் இன்னும் இருக்கின்றன. நாற்பத்தெட்டு. இந்த மாதக் கடைசிக்குள் அலமாரியைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. சாவியை அம்பிகா அக்கா நேற்று என்னிடம் கொடுத்தார்கள். "அவர் மேஜையில இருந்தது. யாருக்குன்னு தெரியல, உனக்கா இருக்கும்" என்றார்கள். ஆம் அக்கா, எனக்குத்தான். நாளை காலை ஏழரைக்கு நிலவறையைத் திறந்து, மேல் ஐந்து சென்டிமீட்டரிலிருந்து சலிக்கத் தொடங்குவேன். கலக்க மாட்டேன். கலந்தவள் நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு முடிவோடு சேர்த்து அனுப்புவேன். இந்த அரங்கில் நம் நிறுவனத்துக்காரர்கள் பதினோரு பேர் இருக்கிறீர்கள். நாற்பத்தெட்டு குடுவை, சல்லடை இரண்டு. எத்தனை பேர் வருவீர்கள்?

தலைவர் அவர்களே, என் பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிட மௌனத்தை அறிவிக்கச் சொன்னீர்கள். என்னால் முடியாது. அவருக்காக நாம் பதினாலு மாதம் மௌனமாக இருந்தாகிவிட்டது.