ஷோகேஸில் நிற்பவர்கள்

– நான் வீட்டுக்குப் போறேன். சாவிய நீயே வெச்சுக்கோ.

– அண்ணி, ஷட்டர பாதி தூக்கியாச்சு. இப்ப வந்து வீட்டுக்குப் போறேன்னா எப்படி? தெருவே பாக்குது.

– தெரு பாத்தா பரவாயில்ல. உள்ள நிக்கறதுங்க பாக்குதே.

– அதுங்களுக்குக் கண்ணு பெயிண்ட் அண்ணி. சத்தியமா சொல்றேன், பெயிண்ட் உரிஞ்சா அண்ணன் என் மை பென்சில எடுத்துட்டு வந்துதான் வரைவான்.

– அதத்தான் நானும் சொல்றேன். வரைஞ்ச கண்ணுக்கு இமை கிடையாது. மூடவே மூடாது.

– துணிக்கடைக்காரர் பொண்டாட்டிக்குத் துணிக்கடை பொம்மைன்னா பயம். தச்சன் பொண்டாட்டிக்கு மரத்தப் பாத்தா மயக்கம்னு சொல்ற மாதிரி இருக்கு. வெளிய சொன்னா சிரிப்பாங்க.

– சொல்லாதே. அதுக்குத்தான் உங்கண்ணன் இத்தனை வருஷமா அவளுக்குத் தூசி ஒத்துக்காது, புதுத்துணி வாசம் தலைவலின்னு ஊருக்கே கதை சொன்னார்.

– எங்களுக்கும் அதே கதைதான். எங்கம்மா நம்பினதே இல்ல. மகாராணி கடைப் படிய மிதிச்சா கால் தேஞ்சுடும்பாங்க.

– தெரியும். என் காதுல விழற மாதிரிதான் சொல்லுவாங்க.

– போன வாரம் நீங்களா வாயத் திறந்து சொன்னப்புறந்தான் விஷயமே தெரிஞ்சுது. ஆனா இன்னும் புரியல. அதுங்க திடீர்னு அசைஞ்சுடும்னு பயமா?

– அது இல்ல. எப்படிச் சொல்றது. அதுவரைக்கும் அசைஞ்சுகிட்டே இருந்துட்டு, நான் திரும்பின உடனே நிறுத்திட்ட மாதிரி இருக்கும். என்னைப் பத்தி ஏதோ பேசிட்டிருந்துட்டு, நான் வந்ததும் வாய மூடிக்கிட்ட மாதிரி.

– அது எங்க சொந்தக்காரங்க அண்ணி. அவங்களோட இத்தனை வருஷம் காலம் தள்ளினீங்க. இவங்களோட ஒரு நாள் நிக்க முடியாதா?

– சிரிக்காதே வாயாடி. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை கூட்டிட்டு வந்தார். டிரையல் ரூம் கண்ணாடியில எனக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கற மாதிரி இருந்துது. அவ்வளவுதான், விழுந்துட்டேன். முழிச்சுப் பாத்தா என்னைத் தூக்கிட்டு வந்து வாசல்ல உக்கார வெச்சு விசிறிட்டிருக்கார். அதுக்கப்புறம் ஒரு நாளும் உள்ள வான்னு கூப்பிடல. சாப்பாட்டுக் கூடையக்கூட தெருமுனைக்கு வந்து வாங்கிப்பார். வீட்டுல பொம்மைங்கற வார்த்தையே வாயில வராது. ஸ்டாஃப்னுதான் சொல்லுவார்.

– ஓ, அதானா. ஒரு நாள் சாப்பிட்டுகிட்டே, ஸ்டாஃப்ல ஒருத்தருக்குக் கை கழண்டுடுச்சுன்னான். எங்க வீட்டுக்காரர் பதறிப்போய், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு சட்டைய மாட்டிட்டார்.

– அவர் ஒருத்தராவது நல்ல மனசுக்காரர்.

– பேச்ச மாத்தாதீங்க. பில்டிங் ஓனர் சாயங்காலம் வரார். கடை திறந்து ஆள் உக்காந்திருந்தா கடை நமக்கு. பூட்டிக் கிடந்தா பக்கத்துக் கடைக்காரருக்கு. அந்த மனுஷன் டேப்பக் கழுத்துல போட்டுகிட்டு காலையிலேர்ந்து நம்ம செவுத்த அளந்துகிட்டிருக்கார். இடிச்சு ரெண்டையும் ஒண்ணாக்கப் போறாராம்.

– பையன் போன் பண்ணான். அப்பாவே போயாச்சு, கடைய விட்டுத் தொலைம்மா, என் வீட்டுல வந்து இருங்கறான்.

– போறீங்களா?

– விருந்தும் மருந்தும் மூணு நாள். அதுக்கு மேல நான் அங்க யாரு? இங்க பாரு, இந்தக் கடையில தொங்கற ஒவ்வொரு துணியும் நான் பொறுக்கினது. மூட்டைய வீட்டுக்குக் கொண்டு வந்து என் முன்னாடிதான் பிரிப்பார். எந்தக் கலர், எந்த அளவு, எத எடுக்கணும், எதத் திருப்பி அனுப்பணும், எல்லாம் நான் சொல்றதுதான். ஆனா ஒரு சட்டையக்கூட இங்க தொங்கப் பாத்ததில்ல. புள்ளையப் பெத்து ஹாஸ்டல்ல விட்டுட்டு, ஒரு தடவைகூட போய்ப் பாக்காத மாதிரி.

– அப்ப உள்ள போங்க.

– நீ முதல்ல போய் அதுங்க எல்லாத்தையும் பின் ரூம்ல தள்ளிடேன். அப்புறம் நான் வரேன்.

– நானா?

– சின்ன வயசுலேர்ந்து நீ இங்கதானே கிடந்த. உனக்கென்ன?

– எனக்கு ஒண்ணுமில்ல. இடுப்பு பிடிச்சிருக்கு. அதோட இன்னைக்கு நான் தள்ளுவேன், நாளைக்கு யாரு தள்ளுவா? பொம்மை இல்லாத துணிக்கடைக்கு எவன் வருவான்? நீங்களே போகணும் அண்ணி. நான் வாசல்ல நின்னு ஒண்ணொண்ணா சொல்லித் தரேன். குனிங்க. தலைய விடுங்க.

– விட்டுட்டேன்.

– ம்.

– உள்ள வந்துட்டேன். ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு.

– இடது பக்கம் சுவிட்ச் இருக்கு.

– இடது பக்கம் யாரோ கைய நீட்டிகிட்டு நிக்கறாங்க.

– அவர் நம்ம கோட்டுக்காரர். கை குலுக்கிட்டு சுவிட்சப் போடுங்க.

– விளையாடாதே.

– அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அண்ணி. லைட்டப் போட்டா எல்லாம் பொம்மை.

– போட்டுட்டேன்.

– இப்ப எப்படி இருக்கு?

– இருட்டுல ஒருத்தர்தான் தெரிஞ்சார். இப்ப எல்லாரும் தெரியறாங்க.

– மூச்ச விடுங்க. அண்ணி? அண்ணி, ஏன் வெளிய வந்துட்டீங்க?

– கொஞ்சம் இரு.

– யாராவது துரத்தினாங்களா?

– இல்ல.

– கையப் பிடிச்சு இழுத்தாங்களா?

– இல்ல.

– நீங்களா போனீங்க, நீங்களா வந்தீங்க. அவங்க பாட்டுக்கு அவங்க வேலையப் பாக்கறாங்க. லைட்டு வேற எரியுது. கரன்ட் பில் யாரு கட்டறது?

– உன் வாய் இருக்கே. சரி, தள்ளு.

– இப்பதான் எங்க அண்ணி. உள்ள யார் யார் நிக்கறாங்க சொல்லுங்க.

– நீ எட்டிப் பாத்தாலே தெரியுமே.

– வெயில் கண்ணக் கூசுது. நீங்க சொல்லுங்க.

– கோட்டுக்காரர். கவுன் போட்ட ஒருத்தி. பந்து உதைக்கற மாதிரி காலத் தூக்கிகிட்டு ஒரு பொடியன். அப்புறம் தலையே இல்லாம ரெண்டு பேர். அவங்க ரெண்டு பேரும் பரவாயில்ல. பாக்க மாட்டாங்க.

– கவுன்காரிகிட்ட போங்க. தோள்பட்டை கிட்ட பிடிச்சு, லேசா மேல தூக்கி, ஒரு திருகு திருகி இழுங்க. கை கழண்டு வரும். கையக் கழட்டினாத்தான் உடுப்ப மாத்த முடியும்.

– தொடணுமா?

– தொடாம கழட்டறதுக்கு மந்திரம் தெரியுமா?

– அவ சிரிச்சுகிட்டே இருக்காடி.

– அவளுக்கு வேற எதுவும் தெரியாது அண்ணி. மழை வந்தாலும் சிரிப்பா, கடைய இடிச்சாலும் சிரிப்பா. பிடிங்க.

– பிடிச்சுட்டேன். திருகறேன்.

– அண்ணி, என்னமோ சத்தம் கேட்டுச்சே. விழுந்துட்டீங்களா?

– இல்ல. கை வந்துடுச்சு.

– எங்க இருக்கு?

– என் கையில.

– அப்புறம்?

– இவ்வளவு லேசா இருக்கேடி. காலி டப்பா மாதிரி. உள்ள எட்டிப் பாத்தேன், வெறும் பொந்து. ஒரு பழைய விலைச்சீட்டும் ரெண்டு குண்டூசியும் கிடக்குது. இதுக்கா நான் இத்தனை வருஷம் தெருமுனையோட திரும்பிப் போனேன்?

– சபாஷ். இனிமே அவதான் உங்களப் பாத்து பயப்படணும். கையப் பிடுங்கறவங்க நீங்கதானே.

– பயம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். முதுகு இன்னும் சில்லுனுதான் இருக்கு.

– இருந்துட்டுப் போகட்டும். முதுகு அது பாட்டுக்கு இருக்கட்டும், கை வேலையப் பாக்கட்டும்.

– இரு, இரு. இவளுக்கு மஞ்சள் கவுனுக்கு மேல ஊதா பெல்ட்ட யார் கட்டினது?

– வேற யாரு. அண்ணன்தான்.

– அந்தப் பெல்ட்டு சாம்பல் கவுனுக்குன்னு நான் தேடி வாங்கினது. அவர்கிட்ட சொன்னேன். நல்லாத் தலைய ஆட்டினார். தலைய ஆட்டிட்டு வந்து இப்படியா கட்டி நிக்க வெச்சிருக்கார்? தெருவே பாக்கற இடத்துல? இந்தக் கோட்டுக்காரரப் பாரு, பட்டன் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்கு. பேன்ட்டுல ஒரு கால் மடிச்சிருக்கு, இன்னொரு கால் தரையக் கூட்டுது. கேட்டா வியாபாரம் மந்தம்பார். மந்தமா இல்லாம பின்ன எப்படி இருக்கும்?

– அண்ணி, கோவப்படறீங்க.

– கோவப்படாம என்ன பண்ணச் சொல்ற? நான் ராத்திரி பூரா உக்காந்து கலர் பாத்துப் பாத்து எடுக்கறது, இவர் இங்க வந்து கூத்துக்காரனுக்கு வேஷம் கட்டற மாதிரி கட்டறது. நகரு. உன்னத்தான். கொஞ்சம் தள்ளி நில்லு.

– யாரோட பேசறீங்க?

– ஸ்டாஃபோட.

– அப்படிப் போடுங்க.

– பேன்ட்ட எப்படி மாத்தறது?

– இடுப்போட ரெண்டாப் பிரிச்சுடுங்க. கீழ்ப்பாதியத் தலைகீழா கவுத்து மாட்டுங்க.

– ஐயய்யோ, இவர் பாதத்துல யாரோ பேனாவுல பூனை வரைஞ்சிருக்காங்க.

– அது நான். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி அண்ணன் இங்க கொண்டு வந்து உக்கார வெச்ச சமயம்.

– பாதத்துல பூனை இருக்கற ஆளப் பாத்து எப்படி பயப்படறது? சரி, இந்தப் பொடியனுக்குக் கோடு போட்ட சட்டை. கவுன்காரிக்குச் சாம்பல் கவுன மாட்டி முன்னாடி கொண்டு வந்து, கோட்டுக்காரரப் பக்கவாட்டுல திருப்பினா... பேசிக்கிட்டே நடக்கற மாதிரி இருக்கும். பேசட்டும். என்னைப் பத்தியே பேசிக்கட்டும். நீ ஷட்டர முழுசா தூக்கு, நான் ஷோகேஸுக்குள்ள ஏறறேன்.

– அண்ணி, பக்கத்துக் கடைக்காரர் வரார்.

– நான் நடு ஷோகேஸ்ல நிக்கறேன்.

– இறங்குங்க.

– எப்படி இறங்கறது? கவுன்காரி வழிய மறிச்சுகிட்டு நிக்கறா.

– அப்ப அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. வாங்கண்ணே, என்ன இவ்வளவு தூரம்?

– ஏம்மா, ஷட்டரையெல்லாம் தூக்கி வெச்சிருக்க?

– சும்மா, காத்தாட அண்ணே.

– அதாவது, என்ன சொல்றேன்னா, சாமான எடுக்கறதா இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. நாளைக்கு செவுத்த இடிக்க ஆள் வருது. உங்கண்ணன் தங்கமான மனுஷன், இல்லேங்கல. ஆனா கடைன்னா, என்ன சொல்றேன்னா, உக்கார ஆள் வேணும். தங்கச்சி, அதான் உங்கண்ணி, ஒரு நாளாவது உள்ள கால் வெச்சிருக்கா?

– நேத்து வரைக்கும் இல்லண்ணே.

– அதத்தான் சொல்றேன். இது என்ன, ஷோகேஸே புதுசா இருக்கு? சாம்பல் கவுனுக்கு ஊதா பெல்ட்டு. எங்க கடை ஆளுங்களுக்கு இப்படியெல்லாம் தோணாதும்மா.

– தோணாதுதான்.

– நடுவுல நிக்கறது எந்தக் கம்பெனி பொம்மை? கொஞ்சம் வயசான முகமா செஞ்சிருக்கான். ஆனா கை வேலை அபாரம். நெத்தியில வேர்வைகூட வெச்சிருக்கான் பாரு. என்ன விலை சொன்னான்? எனக்கும் ஒண்ணு...

– பொம்மையும் விக்கறதுக்கில்ல, கடையும் விக்கறதுக்கில்லண்ணே.

– ஐயோ, அம்மா.

– பாத்துண்ணே, பின்னாடி படி இருக்கு. டேப்பு கீழ விழுந்துடுச்சு பாருங்க.

– தங்கச்சியா? உயிரே போயிடுச்சு எனக்கு.

– போகல. நல்லாத்தான் நிக்கறீங்க. கால் மட்டும் ஆடுது. அது அப்படித்தான், முதல் தடவை எனக்கும் ஆடுச்சு.

– அதாவது... செவுரு...

– அங்க அலமாரி வரப்போகுதுண்ணே. ஆணி அடிக்கற சத்தம் உங்க பக்கம் கேக்கும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

– ஓனர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?

– கடை திறந்துடுச்சுன்னு சொல்லுங்க. சாயங்காலம் வரும்போது அவருக்கு ஒரு நீலச் சட்டை எடுத்து வெக்கறேன்னும் சொல்லுங்க. அவர் போடற பழுப்புக் கலர் அவருக்கு எடுக்கவே இல்ல.

– சொல்றேன் தங்கச்சி. நானே சொல்லிடறேன். அந்த ஷோகேஸ், என்ன சொல்றேன்னா, நல்லா இருக்கு.

– தெரியும்ணே.

– போயிட்டார் அண்ணி. ஓடினார்னு சொல்ல முடியாது, ஆனா அந்த மாதிரி நடைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. வயிறு வலிக்குது சிரிச்சு.

– எனக்கும் அடக்க முடியல. சிரிப்பா பயமான்னு தெரியல.

– நெஜமா சொல்லுங்க, அவர் கிட்ட வந்து உத்துப் பாத்தப்ப எப்படி இருந்துச்சு?

– வேடிக்கையா இருந்துச்சு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா, வெளிய நிக்கறவங்கதான் இமை கொட்டாம முறைக்கறாங்க. இதுங்க பாவம். சரி, உள்ள வா. ஒரு வாய் தண்ணி குடி.

– இருக்கட்டும் அண்ணி. இங்க நல்லா காத்து வருது.

– வெயில் கூசுதுன்னியே.

– இப்ப கூசல.

– ஃபேன் போட்டிருக்கேன். வா.

– செருப்பெல்லாம் சேறு.

– மழை பேஞ்சு ஒரு மாசம் ஆச்சு. வாயாடி, இங்க பாரு. காலையிலேர்ந்து நீ இந்தப் படிய ஒரு தடவைகூட தாண்டல. உனக்கும் கோட்டுக்காரர்கிட்ட பயமா?

– சே. பூனை வரைஞ்ச ஆள்கிட்ட என்ன பயம்.

– பின்ன?

– அண்ணன் போனப்புறம் நான் இங்க வரவே இல்ல அண்ணி. பஸ்ஸுல போனாக்கூட இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். நான் வாசல்ல கால் வெச்சா போதும், மேசைக்குப் பின்னாடி உக்காந்தபடியே, தலையத் தூக்காம, வந்தாச்சா, இனி ரேடியோவ அணைச்சுடலாம்பான். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது. அந்த நாற்காலி காலியாவா இருக்கு?

– இல்லடி. நான் உக்காந்திருக்கேன். உள்ள வா.