வள்ளித்தாயின் கையும் காளான் கலந்த பசையும்

பசையே தொழிலாய், தாளே தவமாய், உழைப்பே உயிராய் வாழும் சிவகாசிச் சீமையின் அச்சகத் தொழிலாளர் நல மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அய்யாதுரை அவர்களே! மகளைப் பெற்ற பெருமையில் முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் காகிதக்கடை முகம்மது நூகு அவர்களே, ஆசியா பீவி அம்மா அவர்களே! வெடி ஆலை வேன்களில் வந்திறங்கிய ஏழாயிரம்பண்ணைத் தாய்மார்களே! வாசலில் கொடுத்த எள்ளுருண்டையை வாயில் அடக்கிக்கொண்டே கைதட்டும் தம்பிமார்களே! காலண்டர் கம்பெனி லட்சுமிகாந்தத்தின் கனிவான வணக்கம், அனைவர்க்கும் உரித்தாகுக!

யாரது பின்னால், "சுருக்கமாப் பேசுங்க அண்ணாச்சி"ன்னு குரல் கொடுக்கிறது? பேசிருவோம் தம்பி. உனக்கு எள்ளுருண்டை இன்னொன்று வேண்டும், அதுதானே? கடைசிவரை உட்கார், கிடைக்கும்.

அன்பர்களே! இந்தியா முழுவதும் சுவரில் தொங்குகிறதே சிவகாசிக் காலண்டர், அதை ஒட்டியது எது? பசை! டைரிக்கு அட்டை போட்டது எது? பசை! அந்தப் பசைக்கு எதிரி யார்? பூசணம்! ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்தால் போதும், அட்டையெல்லாம் பச்சை பூத்து நாறும். அதற்காக நாம் காலங்காலமாகச் செய்வது என்ன? பசைப் பானையில் மயில்துத்தம் என்கிற நீல உப்பைப் போடுவோம். கொஞ்சமாய்ப் போட்டால் பூசணம் சிரிக்கும். கூடுதலாய்ப் போட்டால் ஒட்டுகிறவர் விரல் எரியும்.

எரிந்த விரல்களில் பத்து விரல், என் கம்பெனியில் அட்டை ஒட்டும் வள்ளித்தாய் அக்காவின் விரல்கள். ஊர்ப் பொங்கல் என்றால் அவர் தெருவே அவர் உருட்டும் எள்ளுருண்டைக்குக் காத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட கையில் தோல் வெடித்தது. வெடித்த இடத்தில் பாக்டீரியாவும் பூசணமும் குடியேறின. நகக்கண் வீங்கிச் சீழ் வைத்தது. டாக்டர் மருந்து கொடுத்தார். ராத்திரி மருந்து ஆற்றியதைப் பகலில் பசை புண்ணாக்கியது. ஒரு கல்யாண வீட்டில் அவர் கொடுத்த உருண்டையை ஒரு அம்மாள் வாங்கினார், விரலைப் பார்த்தார், சத்தமில்லாமல் இலையோரம் ஒதுக்கினார். அன்றோடு அக்கா உருண்டை பிடிப்பதை விட்டார். கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் வந்தார், இன்று நாம் பாராட்டக் கூடியிருக்கிற நூகு பாயின் மகள் சுமைரா. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. என் கம்பெனிக்கு வருகிறவர்கள் எல்லாம் நல்ல அட்டை கேட்பார்கள். இந்தப் பிள்ளை பூசணம் பிடித்த அட்டை கேட்டது! "எதுக்கும்மா?" என்றேன். "இதைக் கொல்ல ஒரு வழி இருக்கு அண்ணாச்சி" என்றது. பக்கத்தில் நின்ற வள்ளித்தாய் அக்கா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார்.

"கை போனாலும் போகுது தாயி. என் கையால ஒருத்தரும் வாங்கித் திங்க மாட்டேங்காகளே!"

அந்தச் சொல் சுமைராவைச் சுட்டது. என்னையும் சுட்டது.

அது என்ன வழி? இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று ஒரு பொருள் எடுக்கிறார்கள். இயற்கை தந்த பொருள். அதைத் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்காய்ப் பொடித்துணுக்கு ஆக்கினால் அதற்குப் பெயர் நானோ துகள். அது பூசணத்தின் மேலும் பாக்டீரியாவின் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும், அவற்றின் தோலைக் கிழித்துவிடும். ஒட்டுவதுதானே நம் ஊர்த் தொழில், அதனால்தான் எனக்குச் சட்டென்று விளங்கியது!

ஆனால் எங்கள் சூப்பர்வைசர் ஊர்க்காவலனுக்கு விளங்க வேண்டுமே! தினமும் காலையில் பசைப் பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். அவர் கொதித்தார்.

"சாமி காலண்டர் ஒட்டுற பசையில இறா ஓடா? நான் கைய வைக்க மாட்டேன். அம்புட்டுத்தான்!"

சுமைரா கோபப்பட்டாரா? இல்லை. வாதாடினாரா? இல்லை. "அதே பொருள் காளான்லயும் இருக்கு. அதுல இருந்து எடுத்தா ஒத்துக்கிடுவீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். "காளான்னா சரி தாயி" என்றார் ஊர்க்காவலன். காளானும் பூசணமும் ஒரே குடும்பம் என்பது அவருக்கு இன்று இந்த மேடையில்தான் தெரிகிறது, பாருங்கள் முழிப்பதை! முள்ளை முள்ளால் எடு என்பார்கள். பூசணத்தை அதன் பங்காளியை வைத்தே அடக்கியது நம் பிள்ளை!

கரண்ட் போய்விட்டதா? போகட்டும், போகட்டும். வேளைக்கு வேளை போவதுதானே! மைக் இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறது.

புதுப் பசையில் அட்டை ஒட்டி, பூசணம் வருமா என்று பார்க்க ஈரச் சாக்குக்குள் சுற்றி வைத்தார்கள். பூசணமே இல்லை! ஊரே குதித்தது. சுமைரா மட்டும் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பசை இளநீலம். துத்தத்தின் நிறம்! யார் போட்டது? ஊர்க்காவலன் தலையைச் சொறிந்தார். "பிள்ளை மழையும் வெயிலும் பாக்காம அலையுது. தோத்துரக் கூடாதேன்னு ஒரு சிட்டிகை போட்டுட்டேன் தாயி."

பாருங்கள் எங்கள் ஆட்களின் பாசத்தை! எதிர்த்தவரே திருட்டுத்தனமாய் உதவி செய்கிறார். சுமைரா அந்தப் பானையைக் கவிழ்த்தார். கண்ணில் நீர் நிற்கச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க என்னைய ஜெயிக்க வச்சா, அக்கா கை தோத்துரும்."

மறுபடி காய்ச்சினார்கள். இந்த முறை ஊர்க்காவலனே காவல் நின்றார், தன் கைக்குத் தானே காவல்! துத்தமே படாத பசை, வெள்ளை வெளேரென்ற பசை. ஐப்பசி வந்தது, அடைமழை வந்தது, அட்டையில் பூசணம் வரவில்லை. வேறொன்று வந்தது. டாக்டர் கொடுத்த மருந்து இப்போது பகலிலும் தங்கியது. வள்ளித்தாய் அக்காவின் விரலில் புதுத் தோல் வந்தது! நகம் வந்தது!

இது எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் அளக்கவில்லை. சோதனை இன்னும் நடக்கிறது, அளந்தால் சுமைராவே என்னைத் திட்டுவார். நான் சொல்வது ஒன்றுதான். அறிவு எங்கே பிறந்தாலும் பிறக்கட்டும், அது உழைக்கிறவர் கையில் வந்து உட்கார வேண்டும்!

சரி, நான் ஒன்று கேட்கிறேன். வாசலில் வாங்கினீர்களே எள்ளுருண்டை, ருசித்தீர்களே, "இன்னொன்று தா" என்றீர்களே, அதை உருட்டியது எந்தக் கை?

அந்தா, வாசல் பக்கம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாரே, அவர் கை!

தட்டுங்கள்... நன்றாகத் தட்டுங்கள்! தலைவர் அவர்களே, தாய்மார்களே, பொறுமையாய்க் கேட்ட பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். தட்டில் இன்னும் உருண்டை இருக்கிறதாம். போகும்போது வள்ளித்தாய் அக்கா கையாலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.