ரெண்டு வாளி, ஒரு நெஞ்சு

— சுந்தரபாண்டி அண்ணே, சொன்னாக் கேளுங்க. கம்ப்யூட்டர்ல ஏறுன இருதய நோய என்னால எறக்க முடியாது.

— எனக்கு அந்த நோயே இல்லயே சிஸ்டர்! நேத்துக்கூடப் பருத்தி மூடை ஏத்தி எறக்கிட்டுத்தான வந்தேன்.

— அது நீங்க சொல்றது. பதிவு வேற சொல்லுதே.

— பேரை எடுக்க வழியே இல்லயா?

— இருக்கு. வேற மாவட்டத்துக்குக் குடி போகணும். இல்லன்னா செத்துப்போகணும்.

— செத்தா நோய் போயிருமா?

— எங்க போகும்? இருதய நோயால மரணம்னு சேத்துருவோம்.

— வெளையாடாதீக அனுசியா சிஸ்டர். இதால ஸ்கூல் வேன் வேலை போச்சு. நெஞ்சு நோயாளியை நம்பிப் பிள்ளைகளை ஏத்த மாட்டேன்னுட்டாரு மொதலாளி. அந்த சீட்டுல இப்ப எந்தம்பி உக்கிரபாண்டி உக்காந்து ஹாரன் அடிக்கிறான். வயிறெரியுது எனக்கு.

— வேலை வீட்டுக்குள்ளதான இருக்கு, விடுங்கண்ணே. சட்டுன்னு முடிங்க, எம்மக வேன்ல வர்ற நேரம்.

— இது தப்பான பதிவுங்கிறேன்.

— தப்பா? போன மாசம் சென்னையில இருந்து ஆளுக வந்து சரிபாத்தாக. ஒரு தப்பும் இல்லன்னு கேடயம் குடுத்துட்டுப் போனாக. அந்தா, பீரோ மேல இருக்கு பாருங்க.

— எப்படிச் சரிபாத்தாக?

— பேப்பரையும் கம்ப்யூட்டரையும் வச்சு. ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சு.

— என்னைய வந்து பாக்கலயே!

— உங்களை எதுக்குண்ணே பாக்கணும்?

— நல்ல கூத்து! எம்.ரெட்டியபட்டியில நீங்க இருதய முகாம் போட்டன்னைக்கு நான் ஊருலயே இல்ல. ஸ்கூல் லீவுன்னு தூத்துக்குடிக்கு லோடு போயிட்டேன்.

— அப்ப உங்க ஆதார் கார்டுக்கு ஈசிஜி எடுத்துக்கிட்டது யாரு?

— தம்பிதான். முகாமுக்கு வந்தா கார்டுக்கு ஒரு வாளி இனாம்னீகல்ல. நான் இல்லாம ஒரு வாளி போயிருமேன்னு எங்காத்தா ரெண்டு கார்டையும் அவன்கிட்டயே குடுத்துவிட்டுச்சு. அவனே ரெண்டு தடவை படுத்து எந்திரிச்சான்.

— அடக் கெரகமே!

— ஒரே மூஞ்சி ரெண்டு தடவை வந்துச்சே, யாருமே பாக்கலயா?

— வாளி தீருறதுக்குள்ள கூட்டத்தை முடிக்கணும்ணே. மூஞ்சியப் பாக்க ஏது நேரம்?

— சரி, படுத்தது ஒரே நெஞ்சு. எனக்கு நோயும் அவனுக்குச் சொகமும் எப்படி வந்துச்சு?

— ரெண்டு ஈசிஜியும் அச்சு அசலா இருந்துச்சு. ரெண்டுலயும் பெரிய கோளாறு. அப்படியே ஏத்துனா, ஒண்ணைப் பாத்து ஒண்ணைக் காப்பியடிச்சோம்னு மேல இருக்கவுக ஏசுவாகன்னு பயந்து...

— பயந்து?

— தம்பிக்கு நல்லா இருக்குன்னு நாந்தான் போட்டேன்.

— அப்ப என் நெஞ்சுல ஒண்ணுமில்ல! வாயாலயே சொல்லிட்டீக! ஏன் சிஸ்டர் எந்திரிச்சு ஓடுறீக? பேரை மாத்திட்டுப் போங்க.

— பேரு கெடக்கட்டும்ணே! தம்பிக்குப் போனைப் போட்டு வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க. எம்மக அந்த வேன்லதான் வந்துக்கிட்டிருக்கா.