கைப்பிடி இல்லாத வீல்சேர்

உக்காருங்க சார், புத்தக வெளியீட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. எம் பொண்ணை அழைச்சிட்டுப் போக வந்த கார் எங்க ஓடிப்போயிடப் போகுது? அவ போட்ட விடுகதை ஒண்ணு, அதுக்குப் பதில் சொல்லுங்க. ரெண்டு சக்கரமும் கால் பரப்பி நிக்கும், முதுகுப் பக்கம் பிடிக்க ஒண்ணும் இருக்காது. அது என்ன?

தள்ளுவண்டியா? பிடி இல்லாம எப்படி சார் தள்ளுறது? அவளைப் பத்தியே புத்தகம் போட்டுட்டு இது தெரியலையே. அவ பாஸ்கெட்பால் ஆடுற வீல்சேர் சார். சட்டுனு திரும்பணும்னு சக்கரம் ரெண்டும் சாய்ஞ்சிருக்கும். பின்னாடி கைப்பிடி கிடையாது. யாரும் தள்ளப்போறதில்ல, அப்புறம் அது எதுக்கு?

உங்க படப் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் கைப்பிடி. அதைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு சிரிச்ச முகமா ஒரு அண்ணன். எனக்கு இப்படி ஒரு மகன் இருக்கான்னு அதைப் பார்த்துதான் எனக்கே தெரிஞ்சுது.

சேச்சே, குறை சொல்லல. கலரெல்லாம் பளிச்சுனு இருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் சூரியன் உதிக்குது.

இதோ வந்துடுவா... அவளா? புத்தகத்தைப் படிச்சா சார். போன மேட்ச்ல ஒருத்தியை இடிச்சு ஃபவுல் வாங்கினவ அவ. உங்க கதையில பந்தை மடியில வச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துக் கண் கலங்குறா. ஏம்மா, பந்தை வச்சுக்கிட்டு இவ ஏன் சும்மா நிக்கிறா, பிடுங்கிட்டுப் போயிடுவாங்களேன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? அது இலக்கியம்டின்னு சமாளிச்சேன்.

தெரியும் சார், பெரிய ஏற்பாடு. மேடைக்குச் சாய்தளம் இல்ல, நாலு பேர் சேரோட தூக்கிடுவாங்க, போட்டோவுக்கும் நல்லாயிருக்கும்னு போன்ல சொன்னீங்களே. சிறப்பு விருந்தினர் வேற அழறதுக்குத் தயாரா வர்றார். கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஆனா போட்டி நடத்துறவங்க அரையிறுதியையும் இன்னைக்குச் சாயங்காலமே வச்சுட்டாங்க பாருங்க. ஆட்டம் அடுத்த வருஷமும் வரும்மான்னு சொல்றீங்க, சரிதான். டீம்ல இருக்கிறதே அஞ்சு பேர். மாத்து ஆள் கிடையாது. இவ போகலைன்னா மத்த நாலு பேரும் ஆடாமலே தோத்துட்டு வீட்டுக்குத் திரும்பணும். ஆட்டத்துக்குப் போகாத ஆட்டக்காரிக்குப் பாராட்டு விழான்னு இருக்கும். நீங்க அப்படி நினைச்சிருக்க மாட்டீங்க, பாவம். உங்களுக்கும் ஹால் முன்பதிவு பண்ணின கஷ்டம்.

உள்ளேயா? எட்டிப் பாருங்க, பரவாயில்ல. புது கவுன் கட்டில்மேலதான் கிடக்குது.

காலையில அவகிட்டயே கேட்டேன் சார், விழாவா, மேட்சான்னு. மேட்சுன்னா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே கோச்சோட வேன்ல போயிட்டா.