ஊதாச் சீலை

காபியை ஆறவிடாதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆறினால் வாயில் வைக்க முடியாது. என் படங்களுக்கு இந்தப் பாணி எப்படி வந்தது என்று கேட்க மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மதுரையில் ஒரு ஓவியரிடம் தொழில் கற்றுக்கொண்டு வந்து, திண்டுக்கல்லில் சினிமாக் கொட்டகைக்குத் தட்டி வரைந்தேன், பூட்டுக் கடைகளுக்குப் போர்டு எழுதினேன். எதை வரைந்தாலும், "மதுரைக்காரர் வரைஞ்சதா?" என்றுதான் கேட்டார்கள். இரவல் கையோடு காலம் தள்ளுவது பெரிய அவமானம். கல்யாணமும் ஆகவில்லை. பேச்சுத் துணைக்கு அக்கா சுந்தரம்மாள் ஒருத்திதான்.

அவள் புருஷன் நல்லுசாமி கொழும்பில் கடைச் சிப்பந்தி. ஐம்பத்தெட்டில் அங்கே கலவரம் நடந்த பிறகு ஆளைப் பற்றித் தகவலே இல்லை. எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. சாயங்கால வண்டி வரும் நேரத்துக்கு அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் சும்மா அவளை வரைந்தேன். காத்திருக்கிறவளிடம் முதலில் விழிப்பது கண் இல்லை, காது. கழுத்து லேசாகச் சாயும்; கண் பிறகுதான் வரும். அதை வரைந்த அன்று என் கோடு எனக்கே புதிதாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கண்காட்சிக்கு அனுப்பினேன், பரிசு கிடைத்தது. இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள்.

அறுபதில், ஸ்டேஷனுக்கு எதிர்ச் சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே, "மாப்ளே" என்று ஒரு குரல். தகரப் பெட்டியோடு நல்லுசாமி நின்றார். ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாராம், பாதி ஆளாகியிருந்தார்.

"சுந்தரம் எப்படி இருக்கா?"

ஏணியிலிருந்து இறங்கி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "நீங்க செத்துட்டீங்கன்னு சேதி வந்துச்சு மச்சான். அய்யலூர்ப் பக்கம் வேற ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்துட்டோம். கைப்புள்ளயோட இருக்கா" என்றேன்.

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வச்சிருக்கானா?"

"நல்லா இருக்கா."

"அப்ப நான் வந்ததச் சொல்லாத அப்பு. அவ குடி கெட்டுப்போகும்."

பெட்டியைத் திறந்து ஊதா நிறச் சீலை ஒன்றை எடுத்தார். "நீ கட்டிக்கப் போற புள்ளைக்குக் குடு" என்று என் கையில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குள் திரும்பிப் போனார். நல்ல மனுஷன். வேறு யாராவது என்றால் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருப்பார்கள்.

அன்றைக்கும் சாயங்கால வண்டி ஊதியது. அவர் ஏறிப் போன வண்டி. அக்கா திரும்பினாள். நான் வரைந்தேன்.

நீங்கள் புகழ்ந்து எழுதினீர்களே, அந்த ஊதாச் சீலைப் படம், அதற்குப் பிறகு வரைந்ததுதான். சீலையை அக்காவிடம் கொடுக்கவில்லை. நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்துவிட்டு அவள், "இந்தக் கலருலதான் சீலை வாங்கியாறேன்னு ஒங்க மச்சான் சொல்லிட்டுப் போனாரு" என்றாள். அப்போது அவள் முகம் இருந்த இருப்பையும் வரைந்து வைத்திருக்கிறேன். போகும்போது பாருங்கள்.

மன்னிக்க வேண்டும், சாயங்கால வண்டி வரும் நேரமாகிறது, நான் வாசலுக்குப் போக வேண்டும். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது, கழுத்து மட்டும் அப்படியேதான் திரும்புகிறது. கல்யாணம் வேண்டாமென்று நானும் அவளோடேயே இருந்துவிட்டேன். நேற்றுக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, நீயும் இல்லாட்டி என் கதி என்ன?" என்று கண் கலங்கினாள்.

வாஸ்தவம்தானே. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?