ஆட்சேபணை போட்ட ஆள்

அண்ணன்: பேரச் சொல்லுங்க மேடம். பேரு மட்டும் போதும். மீதிய நான் பாத்துக்கறேன்.

கிளார்க்: நீங்க பாத்துப்பீங்கன்னுதான் சார் சொல்லக் கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க.

தங்கை: என்ன விதி? என் மூஞ்சில கரியப் பூசினவங்க பேரு எனக்கே தெரியக் கூடாதா?

அண்ணன்: நீ சும்மா இரு, நான் பேசறேன்ல... மேடம், கல்யாணப் பதிவுக்கு மனு குடுத்து முப்பது நாளு ஆச்சு. வெளிய போர்டுல நோட்டீஸ் ஒட்டினீங்க. ஒரு ஈ காக்கா வரல. கடைசி நேரம் பாத்து எவனோ ஒருத்தன் ஆட்சேபணைன்னு ஒரு காகிதத்த நீட்டுவான், நீங்க கல்யாணத்தையே நிறுத்திடுவீங்களா?

கிளார்க்: நிறுத்தல சார். விசாரணைக்கு வச்சிருக்கு.

அண்ணன்: ரெண்டும் ஒண்ணுதான்! இன்னொரு வாட்டி படிங்க அத. படிங்க, நான் கேக்கறேன்.

கிளார்க்: "மணப்பெண்ணுக்கு ஏற்கெனவே திருமணமாகி, கணவர் வெளியூரில் இருக்கிறார். ஆகவே இத்திருமணத்தைப் பதிவு செய்யக் கூடாது."

அண்ணன்: கேட்டியா? வெளியூராம்! எந்த ஊரு? காலைல ஒன்பது மணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போறா. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. நடுவுல எங்க கட்டிக்கிட்டா, பஸ்ஸுலயா?

தங்கை: அதான! யாருன்னு தெரிஞ்சா நானே போய் நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்.

அண்ணன்: நீ ஒண்ணும் கேக்க வேணாம். எதுத்த வீட்டுக்காரனா இருக்கும். தண்ணிக் குழாய்ச் சண்டைய இன்னும் மறக்கல அவன்.

தங்கை: ஐயோ, அவர் இல்லண்ணா...

அண்ணன்: உனக்கெப்படித் தெரியும்?

தங்கை: ...இல்ல, அவருக்கு இவ்ளோ நல்லா எழுத வராது.

கிளார்க்: சார், இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள ஆட்சேபணை போட்டவங்க நேர்ல வரணும். வரலன்னா தள்ளுபடி. ரெண்டு மணிக்கு உங்க மாப்பிள்ளை வந்ததும் பதிவு பண்ணிடலாம்.

அண்ணன்: இத மொதல்லயே சொல்லக் கூடாதா! மணி என்ன, பதினொண்ணே முக்கால். வரமாட்டான். தைரியம் இருந்தா வரட்டும் பாப்போம். என்ன, நீ ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கற?

தங்கை: ஒண்ணும் இல்ல... வரட்டும்ங்கறேன்.

கிளார்க்: அதுக்குள்ள ஒரு வேலை சார். சாட்சிங்க அடையாள அட்டை ஜெராக்ஸ் வேணும். முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே தாள்ல இருக்கணும்.

அண்ணன்: போன வாரமே குடுத்தேனே!

கிளார்க்: தனித்தனித் தாள்ல குடுத்தீங்க.

அண்ணன்: இதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல உங்க ஆபீஸ்ல! மொட்ட மனு வந்தா நடுவீட்டுல உக்கார வைப்பீங்க, ஒழுங்கா வந்தவன படியேறி எறங்க விடுவீங்க... இங்கயே இரு, வந்துடறேன்.

தங்கை: சீக்கிரம் வாண்ணா.

கிளார்க்: ...கீழ போயிட்டாரு. உக்காரும்மா.

தங்கை: இல்ல, நிக்கறேன்.

கிளார்க்: உக்காரு. இவ்ளோ நேரம் கத்தினதுல தொண்டை வத்திருக்கும். தண்ணி குடி.

தங்கை: கத்தாம? ஒரு பொண்ணு பேருல இப்படி எழுதினா...

கிளார்க்: அவர் போயிட்டாரும்மா. இனிமே கத்த வேண்டாம்.

தங்கை: ...என்ன சொல்றீங்க?

கிளார்க்: வெளிய நோட்டீஸ்ல பேரு, வயசு, தெரு, மூணுதான் இருக்கு. இந்த லெட்டர்ல மேல மனு எண் நானூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்கு. அந்த எண் ரெண்டு இடத்துலதான் இருக்கு. ஒண்ணு என் பதிவேட்டுல. இன்னொண்ணு ரசீதுல. மனு குடுத்த அன்னிக்கு ரசீத யாரு வாங்கி மடிச்சுக் கைப்பையில வச்சது? லெட்டர்ல ஒரு பொய்ப் பேரும் விலாசமும் குடுத்திருந்தியே, அங்க நோட்டீஸ் அனுப்பினேன். அப்படி ஒரு வீடே இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு.

தங்கை: எண் போடலன்னா வேற யாரோட மனுவோன்னு தூக்கி ஓரமா வச்சிருவீங்களோன்னு... பயந்துட்டேன்.

கிளார்க்: கணக்காத்தான் எழுதியிருக்க. ஆனா உன் பேரையே கெடுத்துக்கிட்டியே, எப்படி மனசு வந்துச்சு?

தங்கை: வேற எதச் சொன்னா நிறுத்துவாங்க மேடம்? பிடிக்கலன்னு சொன்னா நிறுத்துவாங்களா? நாலு தடவ சொன்னேன். மொத தடவ பயம்னாங்க. அடுத்து கண்ணுபட்டிருக்குன்னாங்க. மூணாவது தடவ அண்ணி சிரிச்சாங்க. நாலாவது தடவ அண்ணன், "சாப்டியா?"ன்னு கேட்டான். அவ்ளோதான்! இவளுக்கு ஏற்கெனவே புருஷன் இருக்கான்னு எவனோ ஒருத்தன் எழுதினா மட்டும் ஆபீஸே எழுந்து நிக்குது. நான் சொன்னா காதுலயே ஏறல!

கிளார்க்: மெதுவா... மாப்பிள்ளை என்ன பண்ணாரு?

தங்கை: பெரிசா ஒண்ணும் பண்ணல. மொத நாளு கடையில வந்து பாத்தாரு. எதுக்கோ சிரிச்சேன். "பல்லு தெரியாம சிரிக்கப் பழகிக்கோ"ன்னாரு. தமாஷுன்னு நெனச்சேன். மறுநாளும் சொன்னாரு. போன வாரம் நான் சிரிச்சப்ப கையப் பிடிச்சு நசுக்கினாரு, மேஜைக்குக் கீழ. மேல அண்ணன்கிட்ட நல்லாப் பேசிக்கிட்டே.

கிளார்க்: அண்ணன்கிட்ட சொன்னியா?

தங்கை: அவரு அண்ணனோட முதலாளிக்குத் தம்பி. அண்ணன் வாக்குக் குடுத்தாச்சு. கெட்டவன் இல்ல மேடம் அவன். எனக்குக் காய்ச்சல்னா முழிச்சு உக்காந்திருப்பான். ஆனா நான் பேசினா மட்டும் கேக்காது.

கிளார்க்: இந்த லெட்டர் பொய். இத வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ரெண்டு மணிக்கு நான் ஒரு கேள்வி கேக்கணும். சம்மதமான்னு. இல்லைன்னு சொன்னா அதுக்கு மேல என் பேனா நகராது.

தங்கை: அத்தனை பேரு முன்னாடியா? சொல்லிட்டு அப்புறம் எந்த வீட்டுக்குப் போறது?

கிளார்க்: அப்ப இப்பவே எழுதிக் குடு. உன் சொந்தப் பேருல. ஒரே வரி. ரெண்டு மணி வரைக்கும் போக வேண்டாம்.

தங்கை: எழுத்து கோணலா வருது மேடம்.

கிளார்க்: கோணினா பரவால்ல, படிக்கிற மாதிரி இருந்தா போதும்.

அண்ணன்: இந்தாங்க மேடம், ஒரே தாள், ரெண்டு பக்கம்! அந்தக் கடைக்காரன் இருக்கானே... என்ன எழுதிக்கிட்டிருக்க நீ? குடு இங்க. "எனக்கு இந்தத் திருமணத்தில்..." ஏய், என்னடி இது?

தங்கை: மேல இருக்கற எண்ணப் பாருண்ணா. அந்த லெட்டர்லயும் அதே எண்தான். அதையும் நான்தான் எழுதினேன்.

அண்ணன்: நீயா? நீயா உன்னப் பத்தி... பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா...

தங்கை: நாலு தடவ சொன்னேன். இந்தக் கையப் பாரு. நல்லாப் பாரு. போன வாரம் கேட்டியே, கதவுல நசுங்கிச்சான்னு. கதவு இல்ல. உன் முதலாளி தம்பி.

அண்ணன்: அத... அத அப்பவே சொல்றதுக்கென்ன? இப்ப முதலாளி மூஞ்சில எப்படி முழிப்பேன்? ரெண்டு மணிக்கு அவங்க கார்ல வந்து எறங்குவாங்களே!

தங்கை: எறங்கட்டும். நானே சொல்றேன்.

அண்ணன்: நீ பேசாத! எல்லாம் இவங்க பண்ணின வேலை. ஏன் மேடம், உங்களுக்கு என்ன வந்துச்சு? பொய் மனுன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு விசாரணை வச்சீங்க? வந்த அன்னிக்கே கிழிச்சுப் போட்டிருந்தா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்குமே!

கிளார்க்: முடிஞ்சிருக்கும் சார். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி நானும் இதே ஆபீஸ்ல என் கல்யாணத்துக்கு எதிரா நானே ஒரு மொட்ட மனு போட்டேன். அன்னிக்கு இந்த நாற்காலியில இருந்தவர் கிழிச்சுத்தான் போட்டாரு.