மககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க

அவரை நான் கடைசியா உயிரோட பார்த்தது, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அந்த நாற்காலியிலதான் தம்பி. கண்ணாடிக்கடைக்காரர். உங்க கட்சிக்காரர்தானே, தெரியாமலா இருக்கும்? அவர் போய்ச் சேர்ந்ததாலதானே இந்தத் தொகுதியே உங்களைத் தேடி வந்துச்சு. அட, குத்திக் காட்டலை, உக்காருங்க. டாக்டர் உங்களுக்குத் தேர்தல் சீட்டு தேறாதுன்னு சொல்லிட்டாங்க, அது முகத்துலயே தெரியுது. ஏன் தேறலைன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

உங்க தலைவர் ஆளுங்க ஜெயிச்ச சூட்டோட அந்தப் பக்கம் தாவினாங்களா, அவருக்கு ஞானம் வந்துடுச்சு. இனிமே நம்பலாமா வேண்டாமான்னு மனநல டாக்டர் சொல்லித்தான் சீட்டுன்னுட்டார். தலைவரை யார் சோதிச்சதா? நல்லா கேட்டீங்க. இதைப் போய் அவர்கிட்ட கேளுங்களேன்.

டாக்டர், அதான் என் மக, உள்ள மைக்கறையைக் காட்டி என்ன தெரியுதுன்னு கேட்டாளே, அதெல்லாம் ஒப்புக்கு. எல்லாரும் பாடமா படிச்சுட்டு வந்துடறாங்க. ஒருத்தர் அந்தக் கறையில ஏழைத்தாய் சிரிக்கிறான்னு சொல்லிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாராம். நிஜப் பரீட்சை இந்த ரூம்லதான். ஆமா, நான்தான்.

நான் என்ன சொன்னேன்? வயித்துல கட்டி, முத்திப்போச்சு, உள்ள இருக்கிற டாக்டர் என் மகதான், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கையைப் புடிச்சுக்கிட்டேன். நீங்க? தலையே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்னீங்க. உள்ள போனீங்க. எங்க அப்பா வெளிய ஏதாவது பேசினாரான்னு கேட்டா. ...தயங்கினீங்களா? சரி, நம்பறேன். தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுச் சொன்னவங்களும் உண்டு.

கோவிச்சுக்காதீங்க, எல்லாருமே சொன்னாங்க. ஒரு வக்கீல், மறைச்சா என் மனசாட்சி என்னைக் கொன்னுடும்னார். ஒரு காலேஜ் முதலாளி உக்காரறதுக்கு முன்னாடியே கொட்டிட்டார். ஒரு அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில பெட் வாங்கித் தரேன், என் சீட்டைப் பார்த்துக்கம்மான்னாங்க. இல்லாத கட்டியை வெச்சு எத்தனை பேர் புண்ணியம் தேடிக்கிட்டாங்க!

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் சொல்லலை. என் மக சுத்தி வளைச்சுக் கேட்டுப் பார்த்தா. உங்க அப்பா கண்ணாடி ஒரு பக்கம் கோணியிருக்கும்மா, அவ்வளவுதான்னாராம். பாஸ். வெளிய வந்து இங்க உக்காந்து, என் கண்ணாடியை வாங்கி நிமித்திக் குடுத்தார். குடுத்துட்டு, நான் சொல்லலை சார், நீங்களே சொல்லிடுங்க, பிள்ளைங்க தாங்கும்னார். அத்தனையும் பொய்ங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அப்புறம் பிரசார வண்டியில ஏறினவர் ஏறினபடியே சாஞ்சுட்டார். நெஞ்சுல ரொம்ப நாளா அடைப்பாம். பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நம்பகமான ஆளுன்னா அப்படி.

என்ன? பெத்த மககிட்ட சொல்றது தப்பான்னா கேக்கறீங்க? நியாயம்தான். நானும் அவகிட்ட கேட்டேன். இரக்கப்பட்டுச் சொல்றவன் உங்க வலியைப் பத்திப் பேசுவான்ப்பா, சீட்டுக்குச் சொல்றவன் அடுத்த வார்த்தையே தன் நேர்மையைப் பத்திப் பேசுவான்னா. நீங்க எதைப் பத்திப் பேசினீங்க? ...சரி சரி, விடுங்க.

இதை வெளிய சொல்லிடாதீங்கன்னு உங்ககிட்டயே கேட்டா நல்லாவா இருக்கும்? அது உங்க இஷ்டம். ஆனா நான் ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் உக்கார வெச்சேன். நீங்க சொன்னப்ப அவ முகம் எப்படி இருந்துச்சு? ...சிரிச்சாளா. லேசாவா, வாய்விட்டா? ...ம்.

இல்ல, போன வாரம் சாப்பிடும்போது நானே சொன்னேன். நிஜம்மா, ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சுன்னேன். நடிப்பு நாளுக்கு நாள் கூடிவருதுப்பா, கட்சிக்காரங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்கன்னு சொல்லிட்டுத் தட்டைக் கழுவப் போயிட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்லை. அத்தனை பேர் வாயால கேட்டுக் கேட்டுச் சிரிச்ச பொய்யாச்சே. அது இப்ப உண்மையாயிடுச்சுன்னா யார் நம்புவா?

நீங்க சொன்னாலாவது காதுல ஏறுமான்னுதான் உங்க கையைக் கொஞ்சம் அழுத்திப் புடிச்சேன். நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. ஸ்கேனுக்கு அப்புறம் வந்த முதல் ஆள் நீங்க; இங்க வந்த கட்சிக்காரங்கள்ல உண்மையைச் சொன்னவர் நீங்க ஒருத்தர்தான் தம்பி. அதுக்குத்தான் உங்களுக்குச் சீட்டு இல்லைன்னுட்டா.

கண்ணைத் தொடைங்க, எதிர்ல வர்றவர் பார்த்தா பயந்துடுவார். போறப்ப கீழ நிக்கிறவரை மேல வரச் சொல்லுங்க. இன்னைக்கு இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க.